மூன்றாவது வாரமும் மூடாத குழி

பல் பிடுங்கிய இடம் ஆறவில்லை என்ற ஒரே புகார், மட்டாஞ்சேரியிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வெவ்வேறு முகங்களோடு வந்திருக்கிறது. இந்த முறை பக்கம் முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே. மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கே: பல் எடுத்து ஐந்து நாள் ஆகிறது. கண்ணாடியில் பார்த்தால் குழி அப்படியே இருக்கிறது. உள்ளே வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. சீழா, டாக்டர்?
(வாசகி, பாலஸ் ரோடு)

ப: சீழாக இருந்தால் தனியாக வராது, வலி, வீக்கம், நாற்றம், காய்ச்சல் என்று பரிவாரத்தோடு வரும். உங்களுக்கு வலி நாளுக்கு நாள் குறைகிறதா? அப்படியானால் அந்த வெள்ளை, புண் ஆறுவதன் அடையாளம்.

பல் வெளியே வந்ததும் குழியில் ரத்தம் நிரம்பி உறைகிறது. முதலில் கருஞ்சிவப்பாக, கொழகொழவென்று இருக்கும். இரண்டு மூன்று நாளில் அதன் மேல் பால் ஏடு போல மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம் படியும். அதற்கடியில் புது ரத்தக்குழாய்கள் நுழைந்துகொண்டிருக்கும். ஒரு வாரத்தில் உறைந்த ரத்தம் இருந்த இடத்தைச் சிவந்த புதுச்சதை பிடித்துக்கொள்ளும். ஓரங்களிலிருந்து ஈறு ஊர்ந்து வந்து மேலே மூட மூன்று நான்கு வாரம் பிடிக்கும். உள்ளே எலும்பு நிரம்ப மூன்று நான்கு மாதம். எக்ஸ்-ரே எடுத்தால் பழைய குழியின் கோடு ஆறு மாதம்வரைகூடத் தெரியும்.

ஆகவே ஐந்தாம் நாள் குழி தெரிவதில் ஒரு குறையும் இல்லை. ஊக்கு, குச்சி, பிரஷ் நுனி என்று எதையும் விட்டு அந்தப் படலத்தைச் சுரண்டிவிடாதீர்கள், அம்மா. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்திருந்து, தலையைச் சாய்த்துத் தானாக வழிய விடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும். கண்ணாடியை இனி மூன்றாவது வாரம் எடுத்தால் போதும்.

கே: பல் எடுத்த அன்று வலியே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஆரம்பித்தது. பல்வலியே தேவலை என்று ஆகிவிட்டது. காதுவரை குடைகிறது. எடுத்தவர் எதையாவது தப்பாகச் செய்துவிட்டாரா?
(வாசகர், சுள்ளிக்கல்)

ப: அவர் மேல் வழக்குப் போடுமுன் அவரிடமே போய் வாயைத் திறந்து காட்டுங்கள். நீங்கள் சொல்வதெல்லாம் 'டிரை சாக்கெட்' என்பதன் லட்சணம். குழிக்குள் உறைந்த ரத்தம் கரைந்தோ கழன்றோ போய், வெறும் எலும்பு வாய்க் காற்றுக்கும் உணவுக்கும் திறந்து கிடக்கிறது. சாப்பாடு போய் அழுகுவதால் நாற்றமும் சேரும். கீழ்த்தாடைக்குப் போகும் நரம்பின் உறவினர்தான் காதுப் பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறது. அதனால் காதில் ஒரு கோளாறும் இல்லாமலே காது வலிக்கும்.

இதை முதன்முதலில் எழுதிவைத்தவர் கிராஃபோர்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், 1896-இல். சாதாரணமாகப் பல் எடுத்த நூறு பேரில் ஒருவரிலிருந்து ஐந்து பேர்வரை இது வரும். கீழ்த்தாடைக் கடைசியில் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை எடுத்தால், சில கணக்குகளில் நூற்றுக்கு முப்பதுவரை போகிறது. கீழ்த்தாடை எலும்பு கெட்டி, ரத்த ஓட்டம் மேல்தாடையைவிடக் குறைவு. பல் சுலபமாக வராமல் நெம்பி, எலும்பைத் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தால் வாய்ப்பு கூடும். புகைபிடித்தால் கூடும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் கூடும். நேர்த்தியாக எடுத்தவர் கையிலும் வரும்.

வைத்தியம் எளிது. குழியை மருந்துத் தண்ணீரால் கழுவி, மருந்து தோய்த்த சிறு துணிக்கீற்றை வைப்பார்கள். பலருக்கு நாற்காலியிலிருந்து எழுமுன்பே வலி பாதி இறங்கிவிடும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் சதை பிடிக்கும். காய்ச்சலோ வீக்கமோ இல்லாவிட்டால் ஆன்டிபயாடிக் இதற்கு வேண்டியதில்லை. இங்கே கிருமி பெருகியதைவிட, மேலே இருக்க வேண்டிய மூடி போனதுதான் தொந்தரவு.

கே: பஜார் ரோட்டில் மூன்று தலைமுறையாக மசாலாச் சரக்கு வியாபாரம். பல்வலிக்குக் கிராம்பு என்று உலகத்துக்கே விற்கிறோம். பல் எடுத்த குழியில் நாலு கிராம்பை இடித்து வைத்தால் என்ன?
(வாசகர், மட்டாஞ்சேரி)

ப: நீங்கள் விற்கும் சரக்கில் மருந்து இருப்பது உண்மை. கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். அது நரம்பை மந்தமாக்கும், கிருமியை அடக்கும். டிரை சாக்கெட்டுக்கு நாங்கள் வைக்கும் மருந்துத் துணியிலும் பெரும்பாலும் யூஜினால்தான் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1663-இல் கொச்சியைப் பிடித்தபோது, கிழக்கே மொலுக்கா தீவுகளில் இதே கிராம்புக்காகத்தான் மற்றவர்களின் மரங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு மதிப்புள்ள மொட்டு.

ஆனாலும் இடித்துக் குழியில் திணிக்காதீர்கள், ஐயா. துணுக்குகள் எலும்போரம் மாட்டிக்கொண்டு, ஆறவேண்டிய புண்ணுக்குள் அந்நியப் பொருளாக உட்கார்ந்துவிடும். எண்ணெயை நேராகச் சொட்டினால் ஈறு வெந்துபோகும். மருந்துத் துணியைக்கூட அளவாக வைத்து, நாள் பார்த்து எடுத்துவிடுகிறோம். தேவைக்குமேல் விட்டால் அதுவே எலும்பை உறுத்தும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கிவைக்கும் பழக்கமும் நம் ஊரில் இருக்கிறது. அதனால் வெளுத்து உரிந்துபோன கன்னங்கள் நிறையப் பார்த்தாயிற்று. மாத்திரை வயிற்றுக்கு.

கே: பல் எடுத்த அன்று ஒரே ஒரு பீடி?
(பெயர் வேண்டாம், தோப்பும்படி)

ப: ஒன்றுகூட வேண்டாம். உறிஞ்சும் இழுப்பில் ரத்தக்கட்டி கழலும், நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும். ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். ஒரு வாரம் முடிந்தவருக்கு இரண்டாவது வாரமும் முடியும்.

கே: குலுக்கி சர்பத்?
(கல்லூரி மாணவி, பனயப்பள்ளி)

ப: மறுநாளே குடிக்கலாம். ஸ்ட்ரா மட்டும் ஒரு வாரத்துக்கு வேண்டாம், தம்ளரிலிருந்து குடியுங்கள். பச்சைமிளகாய் போடவேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

கே: எனக்குச் சர்க்கரை கிடையாது. ஆனாலும் பல் எடுத்த இடம் ஒரு மாதமாகச் சிவந்து, தொட்டால் ரத்தம் வருகிறது. ஏன்?
(வாசகர், வயது 48, கூவப்பாடம்)

ப: கிடையாது என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று அது சொன்னது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காடு. கேரளத்தில் 25.5. அதாவது உங்கள் வயதொத்த நால்வர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஒருவருக்கு இருக்கும். அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது, கிருமியைத் துரத்த வேண்டிய வெள்ளை அணுக்கள் சோம்பிப்போகின்றன. மெல்லிய ரத்தக்குழாய்கள் தடித்து, புண்ணுக்குச் சேரவேண்டிய பிராணவாயு குறைகிறது. புதுச்சதை வருவது தாமதமாகி, வந்ததும் சீழ் பிடிக்கிறது. ஈறு வீங்கிப் பல் ஆடத் தொடங்கியதற்கே அந்தச் சர்க்கரை காரணமாக இருந்திருக்கலாம். வெறும் வயிற்றில் ஒரு பரிசோதனை, கூடவே மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி. இரண்டும் சேர்த்து ஒரு காலை வேலை.

இதைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகள் பல் எடுக்கவே பயப்படவேண்டாம். கட்டுக்குள் வைத்திருப்பவர்களின் புண் மற்றவர்களுடையதைப் போலத்தான் ஆறும். காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். இட்லியோ புட்டோ சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். பட்டினியோடு வந்து நாற்காலியில் மயங்குபவர்கள்தான் எங்களை அதிகம் பயமுறுத்துகிறார்கள்.

கே: இதய அடைப்புக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். பல் எடுக்க ஒரு வாரம் நிறுத்தட்டுமா?
(வாசகர், கருவேலிப்படி)

ப: நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் குழியில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்தால், தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டால் நிறுத்திவிடலாம். இதயக் குழாயில் கட்டும் ரத்தத்தை அப்படி நிறுத்த முடியாது. ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மூன்று மாத்திரை சேர்த்துச் சாப்பிடுபவர்களும் வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் இதய மருத்துவரின் சீட்டோடு வரவேண்டும்.

கே: மேல் கடைவாய்ப்பல் எடுத்த பிறகு தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருகிறது. வீட்டில் சிரிக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.
(வாசகி, செர்லாய்)

ப: பயப்படவேண்டாம், அலட்சியமும் வேண்டாம். மேல் கடைவாய்ப்பல்லின் வேர் நுனிகளுக்கு மேலேதான் கன்ன எலும்பின் காற்றறை இருக்கிறது. நடுவில் இருப்பது சிலருக்கு வெறும் மெல்லிய எலும்புத் தகடு. பல்லோடு அதுவும் பெயர்ந்தால் வாய்க்கும் மூக்குக்கும் ஒரு ஜன்னல் திறந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள துளை பெரும்பாலும் தானாக மூடும். பெரியது மூடாது, ஈறை இழுத்துத் தைக்க வேண்டும். தாமதித்தால் அந்த வழியே ஓரமெல்லாம் தோல் மூடி நிரந்தரப் பாதையாகிவிடும், சைனஸில் சீழும் கட்டும். எடுத்தவரிடம் இந்த வாரமே போங்கள். அதுவரை மூக்கைச் சீந்தாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

கே: நாக்குப் பக்கம் முள் குத்துவதுபோல இருக்கிறது. வேரை விட்டுவிட்டாரா?
(வாசகர், அமராவதி)

ப: பெரும்பாலும் அது குழியின் ஓரத்திலிருந்து பிரிந்த எலும்புச் சில்லு. ஆறும்போது உடம்பு வேண்டாத சில்லைத் தானே வெளியே தள்ளும். ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். வேர்தானா என்று தெரிய ஒரு சின்ன எக்ஸ்-ரே போதும்.

கே: அம்மாவுக்கு 71 வயது. எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறோம். கீழ்ப்பல் ஒன்று எடுத்து இரண்டரை மாதமாகிறது. குழியில் மஞ்சளாக எலும்பு தெரிகிறது. தட்டினால் வலியில்லை என்கிறார்கள். ஊசிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? நாங்கள் பல் டாக்டரிடம் ஊசியைச் சொல்லவே இல்லை.
(மகள், மட்டாஞ்சேரி)

ப: சம்பந்தம் இருக்கக்கூடும். நீங்கள் கேட்டதற்கு நன்றி. மாதம் இருமுறையாவது இதே சூழ்நிலை வருகிறது, கேட்பவர்கள் குறைவு.

எலும்பு உயிருள்ள பொருள். ஒரு பக்கம் அரிக்கப்பட்டு மறுபக்கம் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் மருந்துகள், வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேட், வருடம் ஒருமுறை ஏற்றும் ஸோலெட்ரானிக் ஆசிட், ஆறு மாதத்துக்கொருமுறை போடும் டெனோசுமாப் எல்லாம், அந்த அரிப்பை நிறுத்துகின்றன. இடுப்பெலும்புக்கு அது பாதுகாப்பு. தாடைக்கு மட்டும் ஒரு சிக்கல். பல் எடுத்த குழியில் பழைய எலும்பை அரித்து அகற்றினால்தான் புதிது வரமுடியும். அகற்றும் ஆள் இல்லாததால் பழையது செத்து, சதை மூடாமல், அப்படியே தெரியத் தொடங்குகிறது. இதை 2003-இல் மயாமியின் அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 36 நோயாளிகளைக் காட்டி எழுதியபோதுதான் உலகம் விழித்தது. இந்த மருந்துகளை எடுப்பவர், தாடைக்குக் கதிர்வீச்சு பெறாதவர், எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு தெரிகிறது: இந்த மூன்றும் சேர்ந்தால் இந்த நோய் என்பது இன்றைய இலக்கணம். அம்மா பத்தாவது வாரத்தைத் தாண்டிவிட்டார்கள்.

தாடையெலும்பு இப்படிச் சாவது புதிதல்ல. தீக்குச்சித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்தவர்களுக்கு இதே கோலம் வந்தது. 1845-இல் வியன்னாவில் லோரின்சர் அதை எழுதினார். பல் எடுத்த இடம் ஆறாது, சீழ் வழியும், தாடை துண்டு துண்டாக வரும். லண்டன் தீப்பெட்டித் தொழிலாளிப் பெண்கள் 1888-இல் வேலைநிறுத்தம் செய்ததன் பின்னணியில் இந்த நோயும் உண்டு. 1906-இல் பெர்ன் உடன்படிக்கை அந்தப் பாஸ்பரஸைத் தடுத்தது. இந்தியாவில் 1913-இல் சட்டம் வந்தது. சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது அதற்குப் பத்தாண்டு கழித்து. சிவகாசி வேறு துன்பங்களைக் கண்டது. அந்தத் தாடை நோயிலிருந்து அந்தச் சட்டம் நம் ஊர்ப் பெண்களைக் காப்பாற்றியது என்பதை நினைத்தால் இன்றும் நிம்மதியாக இருக்கிறது.

அம்மாவுக்கு வருவோம். எலும்புத் தேய்மானத்துக்கு மட்டும் இந்த மருந்துகளை எடுப்பவர்களில் இது பத்தாயிரத்தில் சில பேருக்கே வருகிறது. புற்றுநோய்க்காகப் பெரிய அளவில் எடுப்பவர்களுக்கு அதைவிட வெகு அதிகம். அடுத்த ஊசியை நீங்களாக நிறுத்தவேண்டாம். டெனோசுமாபைத் திடீரென்று விட்டால் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. எலும்பு மருத்துவரும் தாடை அறுவை மருத்துவரும் பேசி நாளைத் தீர்மானிக்கட்டும். ஆரம்பக் கட்டத்தில் மருந்துத் தண்ணீர், சுத்தம், பொறுமை இவற்றாலேயே பலருக்குச் சரியாகிறது. எலும்பைத் தட்டிப் பார்ப்பதை மட்டும் இன்றோடு விடச் சொல்லுங்கள்.

கே: வாஸ்கோ ட காமாவின் மாலுமிகளுக்கு ஈறு அழுகியதாகப் படித்தேன். அவர்களுக்குப் பல் எடுத்தால் ஆறியிருக்குமா?
(பள்ளி ஆசிரியர், ஃபோர்ட் கொச்சி)

ப: ஆறியிருக்காது. 1498-இல் இந்தியக் கரையிலிருந்து கிளம்பி ஆப்பிரிக்கக் கரைக்குத் திரும்ப மூன்று மாதம் போல ஆனது. ஈறு வளர்ந்து பல்லை மூடி, சாப்பிடவே முடியாமல் போனதாகவும், முப்பது பேர் செத்ததாகவும், கப்பலுக்கு ஏழெட்டுப் பேரே வேலை செய்யும் நிலையில் இருந்ததாகவும் அந்தப் பயணக் குறிப்பு சொல்கிறது. அதுதான் ஸ்கர்வி. சதையைக் கட்டும் கொலாஜென் என்ற நாருக்கு வைட்டமின் சி வேண்டும்; அது தீர்ந்துபோனால் புதுப்புண் ஆறாது, எப்போதோ ஆறிய பழைய தழும்புகூடத் திரும்பப் பிளக்கும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் இரண்டு மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து ஒரே வாரத்தில் எழுப்பி உட்காரவைத்தார்.

இன்று கொச்சியில் முழு ஸ்கர்வி அபூர்வம். ஆனால் கஞ்சியும் ரஸ்க்கும் மட்டுமே தின்று தனியாக வாழும் முதியவர்கள் இருக்கிறார்கள். பல் எடுத்தபின் அவர்கள் மேலும் குறைத்துக்கொள்கிறார்கள். நெல்லிக்காய், கொய்யா, முட்டை, குழைய வேகவைத்த பருப்பு, முள்ளெடுத்த மீன், இவை புண்ணுக்கு மருந்து. எலுமிச்சையைக் குழியில் பிழியவேண்டாம்.

கே: 2021-இல் கோவிட் வந்துபோன பிறகு என் அண்ணனுக்கு மேல்வரிசைப் பற்கள் நாலைந்து ஒன்றாக ஆடின. பல் எடுத்தபின் கன்னம் மரத்து, குழி கறுத்தது. பூஞ்சை என்று தாடையையே எடுத்தார்கள். பல் டாக்டர் முதல் நாளே கண்டுபிடித்திருக்கலாமோ?
(வாசகர், பள்ளுருத்தி)

ப: அந்த ஆண்டு முதலில் பலருக்கும் அது பிடிபடவில்லை. மியூக்கர் பூஞ்சை மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருப்பது. கோவிட்டோடு ஏறிய சர்க்கரையும் கை தாராளமாகக் கொடுத்த ஸ்டீராய்டும் அதற்கு வாசலைத் திறந்தன. ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைத்து, அந்தப் பகுதி எலும்பை அது சாகடிக்கும். 2021 மே மாதம் மத்திய அரசு இதை அறிவிக்கவேண்டிய நோயாக்கச் சொன்னது. ஆம்போடெரிசின் மருந்துக்கு ஊர் ஊராக அலைந்தோம். அண்ணன் பிழைத்திருக்கிறார் என்றால் அறுத்தவர்கள் சரியான நேரத்தில் அறுத்திருக்கிறார்கள்.

ஒரே பக்கத்தில் பல பற்கள் காரணமின்றி ஒன்றாக ஆடுவது, கன்னம் மரப்பது, அண்ணம் கறுப்பது: சர்க்கரை நோயாளிக்கு இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. கோவிட் போனாலும் இந்த விதி போகவில்லை.

கே: வலது கீழ்ப்பக்கம் மூன்று பல் எடுத்தாயிற்று. குழிகள் நன்றாக ஆறிவிட்டன என்கிறார்கள். வலி மட்டும் போகவில்லை. முகம் கழுவினால், மீசை ஒதுக்கினால், கரண்ட் அடித்த மாதிரி சில வினாடி. நாலாவது பல்லையும் எடுத்துவிடட்டுமா?
(வாசகர், சக்கமாடம்)

ப: வேண்டாம்! நாலாவது பல் நிரபராதி. மற்ற மூன்றும்கூட அப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தொட்டால் பாய்ந்து, சில வினாடியில் அணைந்து, நடுவில் சுத்தமாக வலியில்லாமல் இருப்பது முகநரம்பு வலியின் குணம். அந்த நரம்பு தாடை வழியாக ஓடுவதால் பல்லிலிருந்து வருவதாகத் தோன்றும். நரம்பு மருத்துவரைப் பாருங்கள். கார்பமசெபின் என்ற மாத்திரை பெரும்பாலோருக்குக் கேட்கும். ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்.

கே: தொண்டைப் புற்றுநோய்க்கு நாலு வருடம் முன் கதிர்வீச்சு வாங்கினேன். இப்போது பல் சொத்தை. எடுக்கலாமா?
(வாசகர், மட்டாஞ்சேரி)

ப: கதிர்வீச்சு பட்ட தாடைக்குள் ரத்தக்குழாய்கள் காய்ந்திருக்கும், வருடங்கள் ஆனாலும் முழுதாகத் திரும்பாது. அங்கே எடுத்த பல்லின் குழி மாதக்கணக்கில் திறந்து கிடக்கலாம். முடிந்தால் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றவேண்டும். எடுத்தே ஆகவேண்டுமென்றால், எந்தப் பகுதிக்கு எவ்வளவு கதிர் கொடுத்தார்கள் என்ற பழைய தாளோடு, புற்றுநோய் மையத்தோடு தொடர்புள்ள தாடை அறுவை மருத்துவரிடம் மட்டும். கதிர்வீச்சு தொடங்கப் போகிறவர்களுக்கு: கெட்ட பல்லை அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எடுத்துவிடுங்கள்.

கே: அப்பா தோபி கானாவில் முப்பது வருடம் துணி வெளுத்தவர். வெற்றிலை, பாக்கு, புகையிலை எப்போதும் வாயில். ஆடிக்கொண்டிருந்த கீழ்ப்பல்லை எடுத்து இரண்டு மாதம். குழி மூடவில்லை, உள்ளிருந்து சதை மேலே வளர்ந்து வருகிறது. வலி அதிகமில்லை. கீழுதடு மரத்திருக்கிறது என்கிறார். மருந்துக் கடையில் மூன்று முறை ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தோம்.
(மகன், ஃபோர்ட் கொச்சி)

ப: தம்பி, இந்தக் கடிதத்துக்காகத்தான் இந்தப் பக்கம் முழுவதையும் ஒதுக்கினேன். நாலாவது முறை மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பதைத் தடுக்க 2024 ஜனவரியில் கேரள அரசு 'ஆபரேஷன் அம்ருத்' என்று கடை கடையாகச் சோதனையே தொடங்கியது. அதையும் மீறி ஒருவர் கொடுத்தால் அது உதவி அல்ல.

ஈறில் வரும் புற்றுநோய் எலும்புக்குள் இறங்கும்போது பல் ஆடும். பல் ஆடுகிறதே என்று எடுத்துவிடுகிறோம். குழி ஆறாது. ஆறவேண்டிய புதுச்சதைக்குப் பதிலாகக் கட்டிச் சதை அதே வழியில் மேலே வரும். வலி அதிகமில்லை என்பதில் ஆறுதல் கொள்ளாதீர்கள். ஆரம்பத்தில் அது வலிக்காது. உதடு மரத்தது எனக்குக் கவலையாக இருக்கிறது, எலும்புக்குள் ஓடும் நரம்பை ஏதோ தொட்டிருக்கிறது. இது புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. நாள்பட்ட எலும்புச் சீழ், காசநோய், ஆக்டினோமைசிஸ் என்ற கிருமி, இவையும் இப்படிக் காட்டலாம். பார்த்துப் பிரித்தறிய ஒரே வழி பயாப்ஸி: அந்தச் சதையில் ஒரு மிளகளவு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது.

உங்கள் மாவட்டத்துக்கு இதில் ஒரு வரலாறு உண்டு. 1966-67-இல் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் ஃபாலி மேத்தாவும் கோபன்ஹேகனின் யென்ஸ் பிண்ட்போர்கும் இந்தியாவில் ஐந்து மாவட்டங்களில் வீடு வீடாகப் போய் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வாய் திறந்து பார்த்தார்கள். அவற்றில் ஒன்று எறணாகுளம். பிறகு 1977-இலிருந்து எறணாகுளம், பாவ்நகர், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் புகையிலைப் பழக்கமுள்ள 36,000 பேரை ஆண்டுதோறும் திரும்பப் பார்த்து, விடச் சொல்லிப் பேசினார்கள். விட்டவர்களின் வாயில் வெள்ளைத் திட்டுகள் புதிதாக வருவது குறைந்தது. வாய்ப்புற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கு முன்பே அப்படி ஒரு திட்டோ மாற்றமோ கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. அதே கேரளத்தில் 1990-களில் திருவனந்தபுரம் பக்கம் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் டார்ச் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தே, புகையிலை, மதுப் பழக்கமுள்ளவர்களின் வாய்ப்புற்று மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். 2005-இல் லான்செட் இதழில் வந்தது. யாராவது ஒருவர் நேரத்தோடு பார்ப்பதில் அவ்வளவு இருக்கிறது.

புகையிலையை விட்டு வெறும் பாக்குப் போடலாமா என்று அப்பா கேட்பார். வேண்டாம். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தீர்ப்புச் சொல்லி இருபது வருடம் தாண்டிவிட்டது.

கே: பயாப்ஸி என்று கத்தி வைத்தால் பரவிவிடும் என்று அத்தை சொல்கிறார்கள்.
(அதே மகன், அதே கடிதத்தின் பின்பக்கம்)

ப: அத்தைக்கு அண்ணன் மேல் இருக்கும் பாசம் புரிகிறது. அத்தை பார்த்த ஆட்கள் பெரும்பாலும் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள். பயாப்ஸிக்குப் பின் சில மாதத்தில் போய்ச்சேர்ந்திருப்பார்கள். பழி கத்தி மேல் விழுந்தது. மிளகளவு சதை எடுப்பதால் வாய்ப்புற்று பரவுவதில்லை. எடுக்காமல் கழியும் மாதங்களில் பரவுகிறது. அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் சொல்வதை அவர்களே கேட்கட்டும்.

கே: பொங்கல் முடிந்து போனால் போதுமா?
(அதே மகன், கடைசி வரி)

ப: நாளைக்கே. ஃபோர்ட் கொச்சியிலிருந்து காலைப் படகைப் பிடித்தால், எறணாகுளம் ஜெட்டியில் இறங்கி நடக்கும் தூரத்தில் ஜெனரல் ஆஸ்பத்திரி. பல் பிரிவில் சீட்டுப் போடுங்கள். பல் எடுத்த தேதி, மூன்று முறை கொடுத்த மாத்திரையின் அட்டை, அப்பா சாப்பிடும் மற்ற மாத்திரைகள், எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஆறாத குழி, வளரும் சதை, மரத்த உதடு என்று இந்த மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அங்கிருந்து களமசேரிப் புற்றுநோய் மையத்துக்கோ கோட்டயம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளோடு மறுநாளே போய்விடுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், தம்பி.